முதல் வகுப்பும் சான்றோர் வழக்கும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலப் பெயரடை: 'கிளாசிக்கல்'. தமிழ்ச் சொற்பொழிவில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இந்தச் சொல்லுக்குத் தென்சென்னையில் நிறைய வேலை இருக்கிறது. டி.டி.கே. சாலை மியூசிக் அகாடமியிலும் தியாகராய நகர் சபாக்களிலும் பாடப்படும் இசைக்கு இதுதான் அடைமொழி. திருவான்மியூர் கலாக்ஷேத்திராவில் கற்பிக்கப்படும் ஆட்டத்துக்கும் இதுதான். இன்னும் தெற்கே பெரும்பாக்கத்தில் இருக்கும் செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் ஆங்கிலப் பெயரிலும் இதே சொல்தான் நிற்கிறது. இசைக்கும் ஆட்டத்துக்கும் மொழிக்கும் கடந்த நூறு, நூற்றிருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இச்சொல்லை வைத்தே மரியாதையும் மானியமும் மேடையும் பங்கிடப்பட்டிருக்கின்றன. ஆகவே இது எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதையெல்லாம் சுமந்து வந்தது என்று பார்ப்பது நம் கடமை.

இச்சொல்லின் தாய்வீடு இலக்கியம் அன்று. வரிக் கணக்கு.

பழைய ரோமின் ஆறாவது அரசன் செர்வியுஸ் துல்லியுஸ். அவன் குடிமக்களைச் சொத்து மதிப்பின்படி ஐந்து வகுப்புகளாகப் பிரித்தான் என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். அந்த வகுப்புக்கு லத்தீனில் கிளாசிஸ் என்று பெயர். அழைத்தல், கூவித் திரட்டுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்பார்கள். போருக்குத் திரட்டப்பட்ட கூட்டம் கிளாசிஸ். பின்னாளில் கப்பற்படையும் கிளாசிஸ். ஒரு லட்சம் 'ஆஸ்' நாணயத்துக்குமேல் சொத்துள்ளவர்கள் முதல் வகுப்பு. அவர்கள் வெண்கலத் தலைக்கவசமும் மார்புக்கவசமும் கேடயமும் ஈட்டியும் வாளும் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஐந்தாம் வகுப்பிடம் இருந்தவை கவணும் கல்லும். அதற்கும் கீழே, 11,000 நாணயம்கூட இல்லாதவர்களைத் திரட்டி ஒரே குழுவில் அடைத்துப் போருக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அரசுக்குப் பிள்ளைகளைத் தவிர வேறெதையும் தர முடியாதவர்கள் என்ற பொருளில் அவர்களுக்குப் 'புரோலெட்டாரியுஸ்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் மார்க்சியர் வாயிலாகப் 'பாட்டாளி' என்று தமிழுக்கு வந்த கருத்தின் முன்னோர் இவர்கள்தான்.

வாக்களிப்பிலும் இதே அடுக்கு. மொத்தம் 193 வாக்குக் குழுக்கள். குதிரைப்படையினருக்கு 18, முதல் வகுப்புக்கு 80. இந்த இரண்டும் சேர்ந்தால் 98, பாதிக்கு மேல். அவர்கள் ஒருமித்துவிட்டால் மற்ற வகுப்புகளை அழைக்க வேண்டிய தேவையே எழாது. கீழ்வகுப்பாருக்கு வாக்குரிமை இருந்தது, ஆனால் அவர்கள் முறை பெரும்பாலும் வரவே இல்லை. முதல் வகுப்பைச் சேர்ந்தவனுக்கு மட்டும் கிளாசிகுஸ் என்று பெயர். மற்ற அத்தனை பேரும் 'வகுப்புக்குக் கீழே உள்ளவர்கள்' என்கிறார் ஔலுஸ் கெல்லியுஸ்.

இந்தக் கெல்லியுஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக்காரர். படித்ததையும் கேட்டதையும் குறித்துவைத்த ஒரு பெரிய நூலை விட்டுச் சென்றவர். அதில் ஓர் உரையாடல் வருகிறது. பேரரசர் மார்க்கஸ் ஔரேலியுசின் ஆசிரியர் ஃபிரான்டோவின் வீட்டில் அறிஞர்கள் கூடியிருக்கிறார்கள். பேச்சு இலக்கணத்தைப் பற்றியது. மணல் என்ற சொல்லைப் பன்மையில் சொல்லலாமா? நான்கு குதிரை பூட்டிய தேரைக் குறிக்கும் பன்மைச் சொல்லை ஒருமையில் சொல்லலாமா? ஃபிரான்டோ தம் கருத்தைச் சொல்லிவிட்டு இளையவர்களைப் பார்த்து, பழைய பேச்சாளரிலோ கவிஞரிலோ யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று நீங்களே தேடிப் பாருங்கள் என்கிறார். அத்துடன் ஒரு நிபந்தனையும் விதிக்கிறார். அந்த எழுத்தாளர் முதல் வகுப்பினராக, வரி செலுத்தும் ஆளாக இருக்கவேண்டும். புரோலெட்டாரியுஸ் ஆக இருக்கக் கூடாது.

எழுத்தாளருக்கு 'கிளாசிகுஸ்' என்ற அடைமொழி வந்து சேர்ந்த இடம் இதுதான். மணல் ஒருமையா பன்மையா என்ற கேள்வியில் பிறந்த உவமை இன்று உலகெங்கும் நூலகங்களையும் பல்கலைக்கழகத் துறைகளையும் பிரித்துவைத்திருக்கிறது. இதைச் சொன்ன ஃபிரான்டோவும் ரோமில் பிறந்தவர் அல்லர். இன்றைய அல்ஜீரியாவில், அன்று கிர்த்தா எனப்பட்ட ஊரில் பிறந்தவர். வெளியூர்க்காரர் ஒருவர் தலைநகரின் மொழிக்குக் காவல் நிற்கிறார். மொழி வரலாற்றில் இது அடிக்கடி நடப்பதுதான். நம் ஊரிலும் நடந்திருக்கிறது.

ஃபிரான்டோ சொன்னதில் இரண்டு செய்திகள் பின்னிக்கிடக்கின்றன. 'சான்று காட்டு' என்பது ஒன்று. 'சான்று சொல்பவன் சொத்துள்ளவனாக இருக்கவேண்டும்' என்பது மற்றொன்று. இச்சொல்லின் பிற்கால வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த இழுபறி என்றே நான் நினைக்கிறேன். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

அதற்குப் பிறகு இச்சொல் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் எழுத்தாளரைக் குறிக்காமல் உறங்கிக் கிடந்தது. கெல்லியுசின் நூல் 1469இல் ரோமில் அச்சேறியது. மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் அதைப் படித்தார்கள், சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 1548இல் தாமஸ் செபியே தம் கவிதையிலக்கண நூலில் பழைய பிரெஞ்சுக் கவிஞர்களையே அப்படி அழைத்தார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. அங்கே இன்னொரு பொருளும் வந்து கலந்தது. லத்தீனில் பள்ளிக்கூடத்து மாணவர் குழுவும் கிளாசிஸ்தான். பள்ளியில் பாடமாக இருந்தவை கிரேக்க, லத்தீன் நூல்கள். ஆகவே வகுப்பில் படிப்பதே கிளாசிக் என்றாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரொமான்டிக் இயக்கத்தார் தங்களுக்கு எதிர்ப்பக்கம் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தபோது, அடக்கமும் ஒழுங்கும் உள்ள நடை என்று அச்சொல்லுக்குப் பொருள் கொண்டார்கள். ஹைடன், மோட்சார்ட், பேத்தோவன் இசையின்மீது அது அந்த நூற்றாண்டில்தான் ஏறியது. குவாண்டம் இயற்பியல் வந்தபின் நியூட்டனுடைய இயற்பியலும் கிளாசிக்கல் ஆனது. இவையெல்லாம் அகராதியில் கிடைக்கும். நான் வேகமாகக் கடந்து சென்னைக்கு வருகிறேன்.

வருவதற்கு முன் ஒரு சொல்லையும் கூட அழைத்துக்கொண்டு வரவேண்டும். 'வெர்னாகுலர்'. இந்திய மொழிகளைக் குறிக்கக் கும்பினி ஆட்சியும் பின்னர் பிரிட்டிஷ் அரசும் பயன்படுத்திய சொல். 1854இன் கல்வி அறிக்கையில் இருக்கிறது. 1878இன் பத்திரிகைச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. லத்தீனில் 'வெர்னா' என்றால் எசமானன் வீட்டிலேயே பிறந்த அடிமை. அதிலிருந்து வந்த பெயரடைக்கு வீட்டில் விளைந்தது, உள்நாட்டுக்குரியது என்ற நல்ல பொருளும் ரோமிலேயே உண்டாகிவிட்டது. அடிமை என்ற நினைப்பில் ஆங்கிலேய அதிகாரிகள் அதை எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொற்கள் இணையாக வரும்போது பழைய அடுக்கும் கூடவே வந்துவிடுகிறது. ஒரு பக்கம் சொத்துள்ள முதல் வகுப்பான், மறுபக்கம் வீட்டில் பிறந்த அடிமை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தில் சம்ஸ்கிருதம், அரபி, பாரசீகம், கிரேக்கம், லத்தீன் எல்லாம் முதல் அடைமொழியின்கீழ் இருந்தன. தமிழும் தெலுங்கும் இரண்டாவதன்கீழ் இருந்தன.

இதில் ஒரு வியப்பு உண்டு. தமிழின் உயர்நடையை லத்தீன் மொழியிலேயே விளக்கி எழுதியவர் ஒருவர் அதற்கு முன்பே இருந்தார். இத்தாலியில் பிறந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர். கொடுந்தமிழுக்கும் செந்தமிழுக்கும் தனித்தனியே லத்தீனில் இலக்கணம் செய்தார். செந்தமிழ் இலக்கணத்தை பாபிங்டன் ஆங்கிலமாக்க, 1822இல் சென்னைக் கல்லூரி அச்சகம் வெளியிட்டது. லத்தீனை நன்கறிந்த அவர், மற்றொரு நூலின் தலைப்பில் செந்தமிழைக் குறிக்கக் கையாண்ட அடைமொழிக்கு 'மேலும் உயர்ந்த' என்று பொருள். கிளாசிகுஸ் என்ற சொல்லை அங்கே அவர் எடுக்கவில்லை. சொத்து வகுப்பின் நிழல் அதில் விழவில்லை என்பதை நான் பொருட்படுத்துகிறேன்.

1902இல் சென்னைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலிருந்து தமிழை நீக்கும் முயற்சி நடந்தது. அதை எதிர்த்து நின்றவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார்; தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர். உடன் நின்றவர் மு.சி. பூரணலிங்கம் பிள்ளை. கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. பரிதிமாற் கலைஞர் தம் தமிழ்மொழியின் வரலாற்றில் தமிழை 'உயர்தனிச் செம்மொழி' என்று நிறுவினார். நூல் 1903இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில், 33 வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் செய்த காரியத்தின் நுட்பத்தைக் கவனியுங்கள். பல்கலைக்கழகத்தின் அளவுகோலை அவர் மறுக்கவில்லை. அந்த அளவுகோலுக்குத் தமிழில் பெயர் வைத்தார். 'செந்தமிழ்' என்ற பழஞ்சொல்லிலிருந்து 'செம்மொழி'யை எடுத்து அந்தப் பட்டியலின் தலைமேல் வைத்தார். நூறாண்டு கழித்து அரசாணையில் ஏறியது அந்தச் சொல்தான்.

இங்கே தமிழின் சொந்த வரம்புகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம்மிடம் அடுக்கே இல்லை என்று பெருமைப்பட முடியாது. வழக்கு என்பது உயர்ந்தோரைப் பொறுத்தது என்று தொல்காப்பியம் சொல்கிறது. செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்த உரையாசிரியர்கள் வையை ஆற்றுக்கு வடக்கு, மருத ஆற்றுக்குத் தெற்கு, கருவூருக்குக் கிழக்கு, மருவூருக்கு மேற்கு என்றார்கள். இந்த எல்லைக்குள் மயிலாப்பூர் இல்லை, அடையாறு இல்லை, இன்று நாம் அமர்ந்திருக்கும் இடமும் இல்லை. பன்னிரு நிலங்கள் என்று அவர்கள் சொன்ன வெளிவட்டத்தில் அருவா வடதலை நாட்டுப் பக்கம் நாம் வருவோம். நம் சொல் திசைச்சொல். செந்தமிழின் நிறுவனங்கள் எல்லாம் இன்று திசைச்சொல் நாட்டில் இருக்கின்றன. அது நல்லதுதான். எல்லைக்கோடு நகரக்கூடியது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆனால் உரையாசிரியர்களிடம் இன்னொரு சொல்லும் இருந்தது. 'சான்றோர்'. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் ஒரு வடிவத்துக்கு ஆதாரம் காட்டவேண்டிய இடத்தில் 'சான்றோர் செய்யுள்' என்பார்கள். ஃபிரான்டோ தேடச் சொன்னதும் அதையேதான். மணலைப் பன்மையில் யாராவது சொன்னார்களா, காட்டு. வேறுபாடு எங்கே என்றால், அந்தச் சான்றோர் யார் என்பதில்தான். சங்கப் பாடல்களின் ஆசிரியர் பெயர்களைப் பாருங்கள். வெண்ணிப் போரைப் பற்றிக் கரிகாலனிடமே, நீ வென்றாய், ஆனால் உன்னிடம் புறப்புண் பட்டு வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் என்று பாடியவர் வெண்ணிக் குயத்தியார். குயத்தி, குயவர் குலத்துப் பெண். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். கூலவாணிகன் சாத்தனார் தானியம் விற்றவர். கொல்லர் இருக்கிறார்கள், பொற்கொல்லர் இருக்கிறார்கள். அரசர்களும் அந்தணர்களும் இவர்களோடு ஒரே தொகையில் இருக்கிறார்கள். செர்வியுசின் கணக்கெடுப்பில் நிறுத்தினால் இவர்களில் எத்தனை பேர் முதல் வகுப்பில் தேறுவார்கள்? வெண்ணிக் குயத்தியார் தேறமாட்டார். அவர் பாட்டோ இன்று நாம் உலகத்திடம் 'கிளாசிக்கல்' என்று நீட்டும் புறநானூற்றில் இருக்கிறது. சால்பு என்பது நிறைவு. ஆளின் சொத்தை அது கேட்பதில்லை. நிற்கிற பாட்டைக் கேட்கிறது.

வகுப்பில் படிப்பதே கிளாசிக் என்ற அந்த இன்னொரு பொருளும் நம்மிடம் தலைகீழாகிப் போனது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியரான உ.வே. சாமிநாதையரை, என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று அடுக்கினார். முதலியார் மசியவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தலைமாணவருக்குச் சிந்தாமணி பாடமாகவே வந்ததில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887இல் சிந்தாமணியும் 1889இல் பத்துப்பாட்டும் 1892இல் சிலப்பதிகாரமும் 1894இல் புறநானூறும் அச்சில் வந்தன. அதே 1887இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரான யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். நம் செவ்விலக்கியம் வகுப்பறையில் இருக்கவில்லை. பரணிலும் மடத்து ஏட்டுக் கட்டிலும் கவிராயர் வீட்டுப் பெட்டியிலும் இருந்தது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இதைச் சற்று நின்று பேச விரும்புகிறேன், இந்த மண்டபத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் கோயிலின் கதை இது.

அதற்கு முன் ஒருமுறை ரோமுக்குத் திரும்பவேண்டும். அங்கே வகுப்புக் கணக்கெடுப்பை நடத்தப் பின்னாளில் ஏற்படுத்திய அதிகாரிக்கு சென்சார் என்று பெயர். சொத்தைக் கணக்கெடுத்தவரே ஒழுக்கத்தையும் கணக்கெடுத்தார். ஒழுக்கம் தவறியதாக அவர் கருதிய குடிமகனைத் தகுதியிறக்கம் செய்யும் அதிகாரம் அவருக்கு இருந்தது. திரைப்படத்துக்கு நாம் சொல்லும் சென்சார் அவர் வழியில் வந்தவர்தான். தகுதியையும் ஒழுக்கத்தையும் ஒரே கை ஒரே ஏட்டில் எழுதியது. சென்னையில் 1930களில் சதிருக்கு நேர்ந்தது இதுவே.

சதிர், சின்னமேளம் என்றெல்லாம் வழங்கிய ஆட்டத்தை ஆடியவர்கள் கோயில்களோடு பிணைக்கப்பட்ட பெண்கள். அந்தப் பிணைப்பை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் கேட்டது நியாயம். சிறுமிகளைப் பொட்டுக் கட்டிவிடுவதை எந்தக் கலையின் பெயராலும் காக்க முடியாது. 1947இல் வந்த சட்டம் வரவேண்டிய சட்டம். ஆட்டம் அழியக் கூடாது என்று எதிர்வாதம் செய்தவர் வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி அந்த ஆட்டத்துக்கு மேடை கொடுத்தது. 1933 புத்தாண்டு நாளில் அகாடமி மேடையில் பந்தநல்லூர் சகோதரிகள் ஆடியதைப் பார்த்தவர் ருக்மிணி தேவி. அவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935 டிசம்பர் 30 அன்று அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடினார். அடுத்த மாதமே கலாக்ஷேத்திரா பிறந்தது. சதிர் என்ற பெயர் மறைந்து பரதநாட்டியம் நிலைத்தது. ஆட்டம் முதல் வகுப்புக்கு ஏறியது. ஆடியவர்கள் ஏறவில்லை.

மயிலாப்பூர் கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடியவர். அபிநயத்தில் அவருக்கு நிகர் அரிது. ருக்மிணி தேவியும் பாலசரஸ்வதியும் அவரிடம் கற்றவர்கள். உலகெங்கும் இன்று ஆடப்படும் பதங்களின் கண்ணசைவிலும் கையசைவிலும் அவர் பாடம் இருக்கிறது. முதுமையில் அவர் வறுமையில் வாழ்ந்து மறைந்தார். கலை முதல் வகுப்பு, கலைஞர் வகுப்புக்குக் கீழே. ஃபிரான்டோவின் வாக்கியத்தில் இருந்த சொத்து நிபந்தனை ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டு தாண்டி மாட வீதிக்கு வந்து நின்ற இடம் என்று இதை நான் எண்ணுகிறேன். ருக்மிணி தேவியின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அவர் இல்லையென்றால் பல உருப்படிகள் நம் கைக்கு வந்திருக்க மாட்டா. 1943இல் உ.வே.சா.வின் ஏட்டுச்சுவடிகளுக்கு நூலகம் அமைத்தவரும் அவரே. இன்று பெசன்ட் நகரில் இருக்கும் அந்த நூலகம் தமிழுக்கு அவர் செய்த பேருதவி. ஆயினும் கணக்கைச் சரியாக எழுதவேண்டும்.

அந்த ஆண்டுகளில் 'கிளாசிக்கல்' என்பதற்கு இங்கே 'சாஸ்திரீய' என்று பொருள் கொண்டார்கள். சாஸ்திரம் உள்ளது, நூல் ஆதாரம் உள்ளது என்பது கருத்து. ஆட்டத்துக்கு நாட்டிய சாஸ்திரத்தைக் காட்டினார்கள். ஆனால் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கற்றுக்கொடுத்தது தட்டுக்கழியைப் பிடித்துக்கொண்டு. அடவும் ஜதியும் அலாரிப்பு முதல் தில்லானா வரையுள்ள வரிசையும் தஞ்சை நால்வர் வழியே, நட்டுவனார் குடும்பங்களின் உடம்பில் இருந்து வந்தவை. சான்று கேட்டால் அந்த உடம்புகளே சான்று. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய பாலசரஸ்வதி, இந்த ஆட்ட வரிசையைக் கோயிலுக்குள் போகும் வழியாக விளக்கினார். அலாரிப்பு கோபுரம், அதைக் கடந்து மண்டபங்கள், வர்ணத்தில் சந்நிதி, பதத்தில் கருவறையின் குளிர்ந்த அமைதி. அந்தப் பேச்சில் தகுதிப் பட்டியல் இல்லை. ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒழுங்கை, அதற்குள் பிறந்து வளர்ந்தவர் எடுத்துக் காட்டினார். செம்மை என்பதற்கு நான் அறிந்த மிகச் சிறந்த விளக்கங்களில் அது ஒன்று.

இசையைப் பற்றி நீளப் பேசப் போவதில்லை, உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். கச்சேரியின் கடைசியில், துக்கடா என்ற பகுதியில், தமிழ்ப் பாட்டு பாடப்பட்ட காலம் ஒன்று இருந்தது. முதல் வகுப்புக்குள்ளேயே ஐந்தாம் வகுப்பு. அதை எதிர்த்துத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியில் 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது; கல்கியும் ரசிகமணி டி.கே.சி.யும் எழுதினார்கள், பேசினார்கள். அன்று மறுத்த மேடைகளிலேயே இன்று தமிழ்ப் பாட்டு நடுநாயகமாக ஒலிக்கிறது. எவரும் எதையும் இழந்துவிடவில்லை.

மொழிக்குத் திரும்புவோம். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் ஹார்ட், தமிழ் செம்மொழியே என்று ஓர் அறிக்கை எழுதினார். சம்ஸ்கிருதத்தில் முறையாகப் பட்டம் பெற்றவர், லத்தீனும் கிரேக்கமும் படித்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது. பழமை, பிறமொழியைச் சாராத சொந்த மரபு, வளமான பழைய இலக்கியம் ஆகிய மூன்றையும் அவர் தமிழில் காட்டினார். பரிதிமாற் கலைஞர் காட்டியதிலிருந்து இது பெரிதாக வேறுபடவில்லை. 2004 அக்டோபர் 12 அன்று மத்திய அரசு தமிழைச் செம்மொழியாக அறிவித்தது. அந்த வகைப்பாட்டில் இடம்பெற்ற முதல் மொழி தமிழ். அடுத்த ஆண்டு சம்ஸ்கிருதம், 2008இல் கன்னடமும் தெலுங்கும், 2013இல் மலையாளம், 2014இல் ஒடியா. 2024 அக்டோபரில் மராத்தி, பாலி, பிராகிருதம், அசாமியம், வங்காளம். ஆக 11.

இதற்குள் அளவுகோலும் நகர்ந்தது. 2004இல் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பழமை போதும் என்றிருந்தது, 2005இல் 1,500 முதல் 2,000 ஆண்டு என்றாயிற்று. பிறரிடம் கடன் பெறாத சொந்த இலக்கிய மரபு வேண்டும் என்ற விதி 2024இல் எடுக்கப்பட்டது. பட்டியல் நீள்வதைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. பிராகிருதத்துக்கும் பாலிக்கும் இது என்றோ கிடைத்திருக்கவேண்டும்; சங்கத் தமிழை ஆராய்பவர்களுக்கு அவற்றின் துணை இன்றியமையாதது. விதியை எடுத்ததுதான் எனக்கு வருத்தம். பழமையும் பட்டியலில் இடமும் மட்டும் மிஞ்சினால் நாம் மறுபடி செர்வியுசின் கணக்கெடுப்புக்கே போய்ச் சேருகிறோம்: எவ்வளவு ஆண்டு சொத்து இருக்கிறது, எந்த வகுப்பு. சொந்த மரபு என்ற கேள்விதான் நூலைத் திறந்து பார்க்க வைத்த கேள்வி. திணை என்ன, துறை என்ன, இந்தப் பாட்டு வேறெங்கும் இல்லாத எதைச் செய்கிறது என்று சான்று தேட வைத்த கேள்வி.

தெருவில் இச்சொல் என்ன ஆகியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோடம்பாக்கத்தில் ஒரு படத்தைப் பற்றிக் கேட்டால், 'கிளாஸா, மாஸா?' என்பார்கள். அமைதியாக, நுணுக்கமாக எடுத்தால் கிளாஸ். விசில் பறந்தால் மாஸ். ஃபிரான்டோவின் இணைதான் இது, கிளாசிகுசும் புரோலெட்டாரியுசும். ஒரு மாற்றம் மட்டும் நிகழ்ந்திருக்கிறது. ரோமில் இரண்டாவது சொல் இழிவு. இங்கே மாஸ் என்பது பெருமை, தயாரிப்பாளர் விரும்பித் தேடுவது. இரண்டும் ஒரே படத்தில் அமைந்துவிட்டால் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. இந்த ஊர் மக்கள் அந்த லத்தீன் அடுக்கைத் தம் போக்கில் கலைத்துவிட்டார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு.

கல்விக்கூடங்களிலும் சபாக்களிலும் அது இன்னும் கலையவில்லை. அதனால் இந்த மேடையிலிருந்து மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்களில் குருவின் குரு, அவருடைய குரு என்று அச்சிடுகிறோம். உருப்படி வந்த வழியில் கௌரி அம்மாளைப் போன்ற பெண்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் அச்சிடுங்கள். தமிழ் முதுகலை மாணவருக்குச் செவ்விலக்கியத் தாள் வைக்கும் கல்லூரிகள், பாடலோடு பாடியவர் பெயரையும் அவர் தொழிலையும் சேர்த்துக் கற்பியுங்கள். குயத்தியார் என்ற பெயரை வெறும் அடிக்குறிப்பாக விட்டுவிடாதீர்கள். மூன்றாவது, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும் செம்மொழி நிறுவனத்துக்கும்: தமிழ் மாணவர் சிலருக்காவது லத்தீன் கற்கும் வாய்ப்பை உண்டாக்குங்கள். வீரமாமுனிவரின் இலக்கணங்களை அவர் எழுதிய மொழியிலேயே படித்து, எங்கே அவர் நம் உரையாசிரியரோடு ஒத்துப்போகிறார், எங்கே விலகுகிறார் என்று சொல்லக்கூடிய தமிழர் இந்த நகரத்தில் தொடர்ந்து இருக்கவேண்டும். அவர் செந்தமிழுக்குத் தேர்ந்த அந்த அடைமொழியை அவர் வேறு எதற்கெல்லாம் கையாண்டார் என்ற கேள்வி ஒன்றே நல்ல ஆய்வேடு ஒன்றுக்குப் போதும்.